தொண்ணூற்றொரு காய்ச்சல்காரர்களும் ஒரு முன்ஜாமீனும்

வடக்கேமுட்டு,
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

தெக்கேத்துருத்து மேலேவீட்டில் வீற்றிருக்கும் மரியாதைக்குரிய சங்கரநாராயண பிள்ளை அவர்களுக்கு, உங்கள் சம்பந்தி ஆவதற்கு நாள் குறித்துக் காத்திருப்பவனும், இந்த நிமிடம் வரை அந்த ஆசையைக் கைவிடாதவனுமாகிய தாமோதர குறுப்பு இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி ரத்னம்மா, மகள் ஆதிரா மூவரும் பகவதி புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை அனூப்பும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் தலை எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா? மழைக்காலம், ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும். தங்கள் வீட்டுப் பசு கிடாரிக் கன்று போட்டிருப்பதாக மீன்காரம்மா சொன்னார், மிக்க சந்தோஷம். வயலில் தண்ணீர் வடிந்துவிட்டதா? எங்கள் பக்கம் இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது. மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய நம் பிள்ளைகளின் நிச்சயதார்த்த விசேஷத்தைத் தவிர.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். தங்களுக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். பத்து தடவை மணி அடித்து ஓய்ந்தது. பதினோராவது தடவை தங்கள் துணைவியார் எடுத்து, "அவரு தூங்குறாரு" என்றார். பின்னாலிருந்து தங்கள் குரலில், "தூங்குறேன்னு சொல்லு" என்று கேட்டது. குரல் தெம்பாக இருந்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் போன வாரம் தங்கள் மைத்துனர் வந்து திண்டாட்டமான ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். "கேஸ் முடியட்டும், அப்புறம் நிச்சயத்தைப் பத்திப் பேசலாம்னு மச்சான் சொல்லச் சொன்னாரு." சம்பந்தி, நம் மாவட்டத்தில் ஒரு கேஸ் முடிய எத்தனை வருடம் ஆகும் என்று வக்கீலிடம் கேட்டேன். பதினொன்று என்றார், அதுவும் சீக்கிரம் முடிந்தால். ஆதிராவுக்கு இப்போது இருபத்தேழு. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன், உங்களிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது. எங்கள் ஊரின் நீளமான சுண்டன் பந்தயப் படகின் நடுவில் பலகை மேல் நின்று கமுகுத் தடியால் தாளம் இடிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாக அந்தப் பலகை என்னுடையது. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்தார்கள், பலகையிலிருந்து யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அன்றைக்குப் போட்டியில் உங்கள் ஊர்ப் படகும் எங்கள் ஊர்ப் படகும் ஒரே மூச்சில் கோட்டைத் தொட்டன. நடுவர்கள் நான்கு விரல் வித்தியாசத்தில் தெக்கேத்துருத்து என்று அறிவித்தார்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் படகின் மூக்கில் இந்த வருடம் புதிதாக ஒரு பித்தளைக் கருடனை வைத்தீர்களே, அதன் அலகு எவ்வளவு நீளம்? நான்கு விரல். உங்கள் தச்சரே கள்ளுக்கடையில் சொன்னார். அப்படியென்றால் ஜெயித்தது கருடனின் அலகு, படகுகள் இரண்டும் சமம். இதைத்தான் படகிலிருந்த நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னோம். உங்கள் ஆட்கள் பதிலுக்குச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது, இந்தக் கடிதத்தைப் பெண்களும் படிக்கக்கூடும்.

பிறகு அடிதடி. உங்கள் படகின் பின்முனையில் நின்று திசை பிடிக்கும் கொச்சுநாராயணன் எங்கள் படகின் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். அவரைத்தான் நான் குறி வைத்தேன். தடியை ஓங்கினேன். அவர் குனிந்துவிட்டார். குனிய வேண்டிய அவசியம் என்ன, ஆறடி ஆள், ஒரு அடி வாங்கினால் குறைந்தா போய்விடுவார்? அவர் குனிந்த இடத்தில், சமாதானம் பேசுவதற்காக நடுவர்களின் மோட்டார் படகிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பசங்களா, போதும்டா" என்று எட்டிப் பார்த்தது நீங்கள். தடி இறங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடமாக மேலே போனால் கீழே இறங்கியே பழகிய தடி, நடுவில் நிறுத்த என் கைக்குத் தெரியவில்லை. தண்ணீரில் விழுந்த உங்களைத் தூக்கக் குதித்த முதல் ஆள் நான்தான். தோளில் சாய்த்து முகத்தைத் துடைத்த பிறகுதான் யாரென்று பார்த்தேன். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். என்ன சொல்லித் திட்டப் போகிறீர்களோ என்று காத்திருந்தேன். "குறுப்பே, பாயசம் ரெண்டு வகை எதுக்கு, அடைப் பிரதமன் ஒண்ணே போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. நிச்சய விருந்துக்குச் சமையல்காரரிடம் பிரதமன் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பகல் டியூட்டி யாருக்கு என்பதும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் தைத்தார், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் என் மகள். ஏழு தையல் என்று அவள்தான் வீட்டுக்கு வந்து சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்கும்போது வரும் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் நானே போய், "ஏதாவது பேசு மோளே" என்று கெஞ்சினேன். "என்ன பேசச் சொல்றீங்க அச்சா? அந்தத் தலைய நான் வாழ்நாள் முழுக்கப் பாக்கணும்" என்றாள். தலைமுடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னேன். "அவருக்கு அங்க முடியே இல்லையே" என்று அழுதாள். தவறாக நினைக்க வேண்டாம், குழந்தை வருத்தத்தில் சொன்னது.

இந்த அளவோடு நின்றிருந்தால் நான் அன்றைக்கே ஒரு தார் நேந்திரம் பழத்தோடு உங்கள் வாசலில் வந்து விழுந்திருப்பேன். அதற்குள் உங்கள் கிளப் செயலாளர் பாஸ்கர மேனோன் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். அவர் தலையில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் புகார் நான்கு பக்கம். மரணம் விளைவிக்கக்கூடிய தாக்குதல், ஜாமீனில் வர முடியாத பிரிவு. முதல் குற்றவாளி தாமோதர குறுப்பு, மற்றும் நேரில் பார்த்தால் அடையாளம் தெரியக்கூடிய தொண்ணூறு பேர். எங்கள் கிளப்புக்கு வழக்கமாக ஆஜராகும் வக்கீல் சோமசேகர கைமளைக் கூப்பிட்டோம். "குறுப்பு சேட்டா, உடனே முன்ஜாமீன் போட்டுடலாம்" என்றார். அப்படியென்றால் என்ன என்று ரத்னம்மா கேட்டாள். "போலீஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடியே, பிடிச்சா விட்டுடணும்னு கோர்ட்டுல எழுதி வாங்கிக்கிறது" என்றார். பிடிக்கவே கூடாது என்று எழுதி வாங்க முடியாதா என்று கேட்டாள்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் புத்தியைக் காட்டினார்கள். கிளப் கமிட்டி கூடியது. எனக்கு மட்டும் முன்ஜாமீன் போதும் என்பது வக்கீலின் கட்சி. "மத்தவங்க பேரு புகார்லயே இல்ல. பேரில்லாதவன் எதுக்குங்க பெட்டிஷன் போடணும்? நாமளே போலீசுக்குப் பேர் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் தலைவர் எழுந்து நின்றார். "ஒரே படகுல உக்காந்தோம், ஒரே பெட்டிஷன்லயும் உக்காருவோம். குறுப்பு சேட்டனை மட்டும் தனியா அனுப்பினா நாளைக்கு நம்ம படகுல எவன் ஏறுவான்?" என்றார். கை தட்டின சத்தத்தில் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும், பொய் சொல்லக் கூடாது, கண் கலங்கிவிட்டது. பட்டியல் கேட்டபோது செயலாளர் படகின் பதிவேட்டையே தூக்கிக் கொடுத்தார். அதில் போட்டி நாளில் குவைத்தில் இருந்த பொன்னப்பனின் பேரும் இருந்தது, பாவம், சந்தா மட்டும் தவறாமல் அனுப்புவான். இப்போது அவனும் எழுபத்திரண்டாவது மனுதாரர். அவன் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறாள். அதைவிடப் பெரிய ரகளை பேர் விட்டுப்போனவர்கள் செய்தது. மாற்று ஆளாகக் கரையில் உட்கார்ந்திருந்த உதயபானு மறுநாள் காலையில் வக்கீல் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நான் கரையில இருந்து ஆறு கல்லு எறிஞ்சேன் சாரே. ரெண்டு பட்டுச்சு. எனக்கு முன்ஜாமீன் இல்லன்னா நான் என்ன மனுஷன் இல்லையா?" என்று அழுதான். அவனைச் சமாதானப்படுத்தி அனுப்ப ஒரு காலைப்பொழுது போயிற்று.

மனுவில் என்ன காரணம் சொல்வது? வக்கீல் யோசித்து, சம்பவ நாளில் மனுதாரர் காய்ச்சலில் படுத்திருந்தார், ஆற்றுப் பக்கமே போகவில்லை என்று எனக்கு எழுதினார். தொண்ணூற்றொரு பேருக்குத் தனித்தனிக் காரணம் எழுத அவருக்கு நேரமில்லை, குமாஸ்தா அதையே எல்லோருக்கும் தட்டிவிட்டார். ஆக, அன்றைக்கு வடக்கேமுட்டில் தொண்ணூற்றொரு பேருக்குக் காய்ச்சல். பொன்னப்பனுக்குக் குவைத்தில் காய்ச்சல்.

மனு விசாரணைக்கு வரும் வரை தலைமறைவாக இருக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் பழக்கமில்லை. கிழக்கு வயல்வரப்பில் வாத்து வளர்க்கும் ஒருவரின் குடிலில் என்னைக் கொண்டுவிட்டார்கள். இரண்டாயிரம் வாத்துகளும் நானும். எட்டு நாள் இருந்தேன் சம்பந்தி. நான் தும்மினால் இரண்டாயிரமும் பதில் சொல்லும். தலைமறைவு என்று பேர்தானே தவிர, அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு தோணியும் குடிலுக்கு நேராக வந்ததும் மெதுவாகும். "குறுப்பு சேட்டா, ஒளிஞ்சிருக்கிற இடத்துல மழை ஒழுகுதா?" என்று விசாரிப்பார்கள். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வரும், செய்தித்தாள் வரும், ஒருநாள் கல்யாண அழைப்பிதழ் ஒன்றுகூடத் தேடி வந்தது. ஐந்தாம் நாள் போலீஸ்காரர் குரியாக்கோஸ் யூனிஃபாரத்தோடு வந்து இறங்கினார். நான் வாத்துகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முட்டை வாங்க வந்தேன், வேற யாரையும் பாக்கல. புதன்கிழமை மனு வருதாம். ஞாயித்துக்கிழமை மட்டும் யாராவது இங்க இருந்தா தள்ளி இருக்கிறது நல்லது, எஸ்.ஐ. சார் வாத்து வாங்க வருவாரு. ஆங், கிளப்புல சொல்லுங்க, தொண்ணூறு பேரு அட்ரசோட குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ். எழுத்து வேலை மிச்சம்." முட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர், உங்கள் ஊர்ப் பெண்ணைத்தான் கட்டியிருக்கிறார்.

நேற்று விசாரணை. வாத்து வாடை போக மூன்று தடவை குளித்துவிட்டுப் போனேன், அப்படியும் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விட்டார். கோர்ட் வராந்தாவில் எங்கள் ஊரே நின்றது. ஜட்ஜ் அம்மா மனுவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தொரு பேருக்கும் ஒரே நாள் காய்ச்சலா?" என்று கேட்டார். "மழைக்காலம், யுவர் ஆனர்" என்றார் கைமள். "எல்லாருமே படுத்திருந்தா அன்னைக்கு அந்தப் படகுல துடுப்புப் போட்டது யாரு?" கைமள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அதைத்தான் யுவர் ஆனர் போலீஸ் கண்டுபிடிக்கணும்" என்றார். அரசு வக்கீல் எழுந்து பட்டியலைத் தூக்கிக் காட்டினார். "பேரெல்லாம் அகர வரிசையிலயும் இல்ல, வயசு வரிசையிலயும் இல்ல. இது என்ன வரிசைன்னு மனுதாரர்களைக் கேக்கணும்." பின்வரிசையில் நின்ற எங்கள் செயலாளர், யாரும் அவரைக் கேட்காமலே, "படகுல உக்கார்ற வரிசைங்க, முன்னாலேருந்து பின்னால" என்று சத்தமாகப் பதில் சொன்னார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. ஜட்ஜ் அம்மா குனிந்துகொண்டு எதையோ எழுதுவது போல இருந்தார், தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தடி ஆயுதமா இல்லையா என்று அரை மணி நேரம் வாதம். தாளம் இடிக்கிற தடி வாத்தியம் என்றார் கைமள். வாத்தியத்தால் ஏழு தையல் விழாது என்றார் அரசு வக்கீல். உங்களைக் குறித்தும் பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, அடித்தது யார் என்று தெரியவில்லை, வெயில் கண்ணில் அடித்தது என்று நீங்கள் சொன்னதாக அரசு வக்கீல் வாசித்தார். அன்றைக்கு வெயிலே இல்லையே சம்பந்தி, காலையிலிருந்து மூட்டம். நான் அங்கேயே தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தைத்தான் நீங்கள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தீர்களே, பிரதமன் என்று என்னிடம்தானே சொன்னீர்கள். அந்த ஒரு வாக்குமூலத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. இவர் பெண்ணை வேண்டாம் என்று சொல்கிற மனிதர் இல்லை, கோபத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஜாமீன் கொடுத்தார்கள். உத்தரவை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்தார்கள், முதல் வரியில் ஜாமீன் என்று கேட்டதுமே வராந்தாவில் விசில் கிளம்பிவிட்டது, மீதி காதில் விழவில்லை.

ஜாமீன் கிடைத்தாலும் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு தடவை கைதாக வேண்டுமாம். கைது செய்து, கையெழுத்து வாங்கி, உடனே விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டதும் ரத்னம்மா, "எப்படியும் கைதாகணும்னா அந்த எட்டு நாளும் எதுக்கு வாத்துகூட இருந்தீங்க?" என்றாள். அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்று காலையில் போனோம். ரோட்டில் தண்ணீர், ஸ்டேஷனோ ஆற்றங்கரையில், அத்தனை பேருக்கும் ஏது வண்டி? படகை இறக்கிவிட்டோம். நான் பலகையில் ஏறவில்லை, ஓரமாகத்தான் உட்கார்ந்தேன். பாட்டு வேண்டாம் என்று சொல்லித்தான் கிளம்பினோம், ஆனால் வளைவு திரும்பியதும் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டேஷன் படியில் நின்றிருந்த எஸ்.ஐ., "டேய், இது சரணடையிற லட்சணமாடா?" என்று கத்தினார். வரிசையாகக் கைதானோம், உட்கார்ந்திருந்த வரிசையில்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், நிலவரி ரசீதோடு. குவைத் பொன்னப்பனைக் கழித்தாலும் நூற்றெண்பது பேருக்கு எங்கள் சிறிய ஊரில் எங்கே போவது? உங்கள் ஊரிலிருந்துதான் வந்தார்கள் சம்பந்தி. பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள், பங்கில் வயல் செய்பவர்கள் என்று இரண்டு போட் நிறைய வந்து இறங்கினார்கள். எங்கள் முப்பத்துநாலாம் மனுதாரருக்கு ஜாமீன் நின்றது யார் தெரியுமா? கொச்சுநாராயணன். மச்சினன் உறவு. என்னைப் பார்த்ததும் கிட்ட வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "குறுப்பு சேட்டா, நான் மட்டும் குனியாம இருந்திருந்தா..." என்று இழுத்தார். "விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். உங்கள் பாஸ்கர மேனோனைத் தவிர உங்கள் ஊரில் எல்லோரும் வந்தார்கள் என்றே சொல்லலாம். நீங்களும் வரவில்லை. தலையில் கட்டோடு நீங்கள் எப்படி வர முடியும், அது எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு போட் வரும்போதும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஆகையால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடித்தது நான். குறி தவறி அடித்தேன், ஆனால் அடித்தது நான்தான், அதை எந்தக் கோர்ட்டில் என்ன எழுதிக் கொடுத்திருந்தாலும் உங்களிடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கேஸ் பதினோரு வருடமோ இருபது வருடமோ அது பாட்டுக்கு நடக்கட்டும், நான் போய் நின்று வருகிறேன். பிள்ளைகள் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? அவர்கள் இரண்டு பேரும் போட்டிக்கு முன்னால் எந்தப் படகு ஜெயிக்கும் என்று பந்தயம்கூடக் கட்டவில்லை, அவர்களுக்கு அதில் ஈடுபாடே கிடையாது. நம் இரண்டு பேருக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறந்தது ஆச்சரியம்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வராவிட்டால் ஆதிரா என்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, பந்தலுக்குக் கால் நட்டாகிவிட்டது, அடைக்கு அரிசி ஊறப்போடும் நாள் மட்டும்தான் பாக்கி. குடும்பத்தோடு வந்து நிச்சயத்தை நடத்தித் தர வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும் ரத்னம்மாவின் அன்பும். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். கிடாரிக் கன்றுக்கும் ஆயுள் நீளட்டும். பகவதி உங்கள் தலையைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, தங்கள் மன்னிப்புக்கும் வருகைக்கும் வழி பார்த்து நிற்கும்,
தாமோதர குறுப்பு.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும் நேரம் வக்கீல் கைமள் வந்தார், கரிமீன் பொரித்து வைத்திருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. யாருக்கு லெட்டர் என்றார். நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற பெருமையில் படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் மீனைக் கீழே வைத்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சேட்டா, கோர்ட் உத்தரவைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"ஜாமீன்னு சொன்னாங்களே."

"மூணாவது நிபந்தனை. அடிபட்டவர்கிட்ட நேராவோ மறைமுகமாவோ, பேச்சிலயோ போன்லயோ எழுத்திலயோ எந்தத் தொடர்பும் வெச்சுக்கக் கூடாது. மீறினா ஜாமீன் ரத்து. நீங்க என்னடான்னா எழுதினதும் இல்லாம, நான்தான் அடிச்சேன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. இந்த ஒரு லெட்டர் பாஸ்கர மேனோன் கைக்குக் கிடைச்சா போதும், அரசு வக்கீல் லீவு போட்டுட்டுப் போயிடலாம்."

அடித்தேன் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று அவரே எண்ணினார். நான்கு. கிழித்துப் போடுங்கள் என்றார். நானும் கிழிக்கத்தான் போனேன். ரத்னம்மா வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இத விட நல்லா இவரால எழுத முடியாது. கோர்ட்டு இவரைத்தானே பேசக் கூடாதுன்னு சொல்லிச்சு, நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்றாள். "மறைமுகமாவும் கூடாதும்மா" என்றார் வக்கீல். "நான் எதுக்கு மறைமுகமா போறேன், பகல்ல, நாலு மணி போட்ல, எல்லாரும் பாக்கத்தான் போறேன்" என்று புடவை மாற்ற உள்ளே போய்விட்டாள். அவள் வருவதற்குள் இதை எழுதுகிறேன். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன், கடைசி நாலு வரி மட்டும் அவர் சொல்லாதது.

மேலே எழுதியிருப்பது எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். நான் ஆற்றுப் பக்கமே வரவில்லை, தங்கள் தலையில் அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆள் யாராக இருந்தாலும், அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவன் சரியாகத் தூங்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு எங்கள் துறையில் குடையோடு நிற்பான். நீங்கள் அவனிடம் பேச வேண்டாம், அவனும் பேச மாட்டான். படியில் பாசி பிடித்திருக்கிறது, இறங்கும்போது அவன் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.